அந்தோணி அண்ணன் போட்ட நிழல்

அன்புள்ள லூர்து அக்கா,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பிள்ளைக்குச் சளி, இப்போதுதான் கண் அயர்ந்தான். உங்கள் தம்பி மறைந்த செய்தி காஜா பெராங் சந்தையில்தான் எனக்குத் தெரிந்தது. மீன்காரர் தராசைப் பிடித்தபடியே, "ஸ்டூடியோ அந்தோணி போயிட்டாருலா, தெரியாதா?" என்றார். மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் முன் வாசிக்க ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். அண்ணன் உங்களிடம்கூடச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, கிடைத்த வருஷம் எனக்குப் பிள்ளை பிறந்தது. அப்போது என் வீட்டுக்காரர் காசநோய் வார்டில் இருந்தார். இந்தியாவில் இருந்த என் மாமியாருக்கு அதைச் சொல்லவில்லை. மூத்த மகனை அதே நோய்க்குப் பறிகொடுத்தவர். இதையும் கேட்டால் தாங்கமாட்டார் என்று பயந்தோம். அவரோ, பேரனோடு நாங்கள் இருவரும் இருக்கும் படம் வேண்டுமென்று கடிதத்துக்குமேல் கடிதம் போட்டார். காலேஜ் வரை படித்தவள்தான் நான். அன்று ஒரு யோசனையும் ஓடவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்த படத்தோடு அண்ணனிடம் போனேன். அதிலிருந்து என் வீட்டுக்காரரை மட்டும் கத்தரித்து, நானும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் படத்தில் ஒட்டினார். பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. படத்தில் அவர் கால் தரையில் பாவவே இல்லை.

"பேய் மாதிரி நிக்கிறாருண்ணே."

"வாயக் கழுவும்மா. இன்னும் நெழலே போடல."

படத்தின்மேல் கண்ணாடி போன்ற ஒரு செல்லுலாய்டு தாளை வைத்தார். கரித்தூளைப் பஞ்சில் தொட்டு, காலடியிலிருந்து நிழலை அதில் இழுத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "வெளக்கு இந்தப் பக்கம், நெழலும் இந்தப் பக்கமா? ஒங்க அத்தை சிரிப்பாங்க." துடைத்துவிட்டு மறுபக்கம் போட்டார். அடியிலிருந்த படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தோள் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு வெள்ளைக்கோடு. அவ்வளவுதான், மனிதர் சுவரைவிட்டு முன்னால் வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி படம் எடுத்தார்.

"நெழல் இல்லாத ஆள யாரும் நம்பமாட்டாங்க. நெழல் ரொம்பப் போட்டாலும் நம்பமாட்டாங்க," என்றார். கூலி வாங்கவில்லை.

அத்தை பதில் எழுதினார்: 'படம் கிடைத்தது. பச்சை உடம்புக்காரி, கண்டதையும் நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.' தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனாலும் அவருடைய ஒவ்வொரு கடிதத்தையும் பயந்துகொண்டேதான் பிரித்தேன்.

மறுவருஷம் வீட்டுக்காரர் குணமாகி வீடு வந்தார். அதன் பிறகு அத்தையும் கப்பலேறி வந்தார். மகனைத் தலையிலிருந்து முதுகுவரை தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, அந்தக் கல்யாணப் படத்துல ஒண்ண எனக்கும் அனுப்பினியே, மறந்துட்டியா? சுவத்துல மாட்டியிருக்கேன். பேரன் படத்துலயும் அதே கோட்டு, அதே முழி! இவனால எழுந்து நிக்க முடியலன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. கேட்டா புள்ள பெத்தவ நீ பயந்துருவேன்னு வாய மூடிக்கிட்டேன்."

நான் அவர் மடியில் விழுந்து அழுதேன். இரண்டு வருஷப் பாரம் இறங்கியது.

அன்று சாயங்காலமே ஸ்டூடியோவுக்கு ஓடினேன். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "நெழல அளந்து அளந்து போட்டேன், கோட்டக் கோட்ட விட்டுட்டேனேம்மா!" பிறகு மெதுவாகக் கேட்டார்: "அத்தை கோவமா இருக்காங்களா?" இல்லை என்றதும்தான் முகம் தெளிந்தது. அவருக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அவர் இருக்கும்போதே இதைச் சொல்ல முடிந்ததே, அக்கா, அது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் நால்வரையும் உட்காரவைத்துப் படம் எடுத்தார். வீட்டுக்காரரின் ஒட்டிய கன்னம், என் கண்ணுக்கடியில் கருவளையம், எல்லாம் அப்படியே இருக்கின்றன. "இதுல நான் கை வைக்கலம்மா," என்று சொல்லிக் கொடுத்தார். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அதுதான்.

வீட்டில் எல்லாரும் சம்மதித்துத்தான் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் பூசைக்கு வருகிறவர்கள் முன் இதை வாசிக்கலாமா, உங்களுக்குச் சங்கடமாக இருக்குமா? இரண்டு வரி போதும், சீக்கிரம் பதில் போடுங்கள்.