வாத்துக் கூடை

கடலைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முப்பது வயசு வரைக்கும் ரப்பர் மரத்தைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. எழுபதுகள் தொடக்கத்துல, மலேசியாவுல சித்தியவான் பக்கம் நாங்க இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துட்டாங்க. குடியிருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துட்டார். ஒரு பொண்ணு, ஒரு தம்பி, ரெண்டு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் என் குடும்பம். ஆத்துமுகத்துல மீன் இறங்குற ஜெட்டிக்கு ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனோம். தம்பி இழுவைப் படகுல ஏறிட்டான். நான் கொட்டகையில மீன் பிரிக்க உட்கார்ந்தேன். படகும் கொட்டகையும் நாங்க குடியிருந்த பலகை வீடும் ஒரே தவுக்கேக்குத்தான், அதாவது ஒரே சீன முதலாளிக்குத்தான் சொந்தம். இதை முதல்லயே சொல்லிடுறேன். பின்னாடி என்மேல கோவம் வரும்போது இதையும் கொஞ்சம் நெனச்சுக்குங்க.

வேலை ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. படகுலேருந்து கொட்டுற குவியலுக்கு முன்னாடி குட்டை நாற்காலி போட்டு உட்காரணும். பெரிய மீன் ஒரு கூடை, அது ஐஸ் போட்டு ஈப்போவுக்கு லாரி ஏறும். நடுத்தரம் கருவாட்டுக்கு. மிச்சம் எல்லாம் வாத்துக் கூடை. அதுக்கு மலாய்ல ‘பாஜா’ன்னு பேரு, அதாவது உரம். வாத்துப் பண்ணைக்கும் மாவு மில்லுக்கும் போகும். அந்தக் கூடையில என்ன இருக்கும்னு நெனைக்கிறீங்க? காதுத் தோடு அளவுக்கு வவ்வால் மீன் குஞ்சு. விரல் நீளத்துல கானாங்கெளுத்தி. வளர விட்டிருந்தா ஊரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும். அள்ளிப் போடும்போது எனக்கு வயிறு எரியும். ஆனா கை நிக்காது.

அந்த நாள்ல அதிகாரிங்க அடிக்கடி வருவாங்க. பள்ளிக்கூட மண்டபத்துல ஒலிபெருக்கி வெச்சு, நாட்டோட மீன்பிடித் தொழில் எப்படி வளருது பாருங்கன்னு பேசுவாங்க. பெரிய இஞ்சின் வருது, புது ஜெட்டி வருது, ஐஸ் ஆலை வருது. எல்லாம் வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கூடவே கடல்ல ஒரு கோடும் போட்டாங்க. இழுவைப் படகு கோட்டுக்கு வெளிய, சின்னப் படகு வெச்சிருக்கிற கம்பத்து ஜனங்க, அதான் மலாய்க் கிராமத்து ஆளுங்க, கோட்டுக்கு உள்ள. தண்ணியில போட்ட கோட்டை யாரு பார்த்தா? ஆனா எங்களுக்குத் தெரியும், குவியலைப் பார்த்தாலே போதும். வெளிக்கடல் மீன்னா குவியல் சுத்தமா இருக்கும். சேறும், அலையாத்தி இலையும், பொடி இறாலும், கிளிஞ்சல் குஞ்சும் கிடந்தா, படகு கரையோரமா வந்து அடிமண்ணை வாரிக்கிட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். வர வர எல்லாக் குவியல்லயும் இலை கிடந்துச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கல.

எனக்கு எதிர்ல உட்கார்ந்து பிரிக்கிறவ ஒரு மலாய்க்காரி. என்னைவிடச் சின்னவ, என்னை ‘காக்’னு கூப்பிடுவா, நம்ம அக்காதான். அவ புருஷன் சின்னப் படகுக்காரன். சாயங்காலம் மிதவை வலையை விரிச்சுட்டு வந்து, விடியக்காலையில போய் எடுப்பான். அந்த வலைக்கு மிதவை வாங்கிக் கட்ட மாட்டான். பழைய ஜப்பான் ரப்பர் செருப்பை வட்டமா வெட்டிக் கோத்துடுவான். அதுக்காக அவ வீடு வீடா பழைய செருப்பு கேட்டு வருவா. எங்க வீட்டுச் செருப்புல ஒரு அடையாளம் உண்டு. கோயிலுக்கு வெளிய விட்டா எவனாவது மாத்திப் போட்டுக்கிட்டுப் போயிடுறானேன்னு, குடைக்கம்பியைக் காய்ச்சி ஒவ்வொண்ணுலயும் மூணு புள்ளி வெச்சிருப்பேன். அதைப் பார்த்து அவ சிரிப்பா. உன் சாமி என் புருஷனுக்கும் சேர்த்துக் காவல் இருக்கட்டும்னு சொல்லுவா.

எண்பதோ எண்பத்தொண்ணோ, மீன்பிடி இலாகாவுலேருந்து சின்னப் படகுக்காரங்களுக்குப் புது வலை குடுத்தாங்க. அவ புருஷனுக்கும் ஒண்ணு கிடைச்சுது. கல்யாணத்துக்குச் சேலை எடுத்த மாதிரி அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. பழைய வலை நைஞ்சு போயிருந்ததால, செருப்பு மிதவையை மட்டும் அவிழ்த்துப் புதுசுல கட்டிட்டு அதைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

ரெண்டு மாசம்கூட ஆகல. ஒரு நாள் காலையில அவ வரல. நான் தனியா தம்பி படகுக் குவியலைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். நெறைய இலை, நெறைய சேறு. நடுவுல பச்சை நூல் கொஞ்சம் சுத்திக்கிட்டு ஒரு செருப்புத் துண்டு கிடந்துச்சு. திருப்பிப் பார்த்தேன். மூணு புள்ளி.

சுத்திப் பார்த்தேன், யாரும் கவனிக்கல. வாத்துக் கூடைக்கு அடியில அதைத் திணிச்சு, மேல ரெண்டு கை மீனை அள்ளிப் போட்டேன். அடப்பாவி தம்பி, உனக்கு வேற இடமே கிடைக்கலையான்னு மனசுக்குள்ள திட்டினேன்.

அவ வெயில் ஏறின பிறகு வந்தா, கண்ணெல்லாம் சிவந்து. வலையைக் காணோமாம். வலைக்கு அடையாளமா மிதக்க விட்ட மூங்கில்கூட இல்லியாம். புருஷன் தேடிக்கிட்டு இருக்கானாம். நான் ‘ஐயோ’ன்னேன். அப்படிச் சொன்ன என் வாயை இன்னைக்கு நெனச்சாலும் எனக்கே அருவருப்பா இருக்கு.

மத்தியானம் வாத்து லாரி வந்துச்சு. கூடையைக் கவிழ்க்கிறது அவ வேலை. திரும்பி வரும்போது அந்தத் துண்டு அவ கையில இருந்துச்சு. நேரா என் முன்னாடி வந்து குந்திக்கிட்டா. அன்னைக்கு நாலு படகு மீன் வந்திருந்துச்சு, எல்லாக் கூடையும் ஒரே லாரிக்குத்தான். எது எந்தப் படகோடதுன்னு நிரப்பினவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“காக், இது உன் செருப்பு. எந்தப் படகுலேருந்து வந்துச்சு?”

“தெரியாது. எல்லாம் கலந்து கிடக்கு”ன்னேன்.

மறுநாள் புருஷனும் அவளும் இலாகா ஆபீசுக்குப் போயிட்டு வந்தாங்க. அங்க இருந்தவர் நல்ல மனுஷன்தானாம். எந்தப் படகுன்னு சொல்ல ஒரு ஆள் இருந்தா நடவடிக்கை எடுக்கலாம், வேற வலைக்கும் எழுதலாம், ஆள் இல்லாட்டி ஒண்ணும் முடியாதுன்னு சொல்லிட்டாராம். அவ மறுபடி கேட்டா. ஒரே ஒரு வார்த்தை வந்து சொல்லு காக், போதும்னா.

எனக்குக் கோவம் வந்துச்சு. மாட்டிக்கிட்டவளுக்கு வர்ற கோவம். என்னை ஏன் இழுக்குற, நான் என்ன கடல்லயா இருந்தேன்னு கத்திட்டேன். கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்துச்சு. அவ எந்திரிச்சுப் போய் வேற குவியல்ல உட்கார்ந்தா. அதுக்கப்புறம் எனக்கு எதிர்ல அவ உட்காரவே இல்ல.

ராத்திரிச் சோத்தைப் போட்டுட்டுத் தம்பியைக் கேட்டேன். அவன் தலையைத் தூக்கல. “எல்லாரும்தான் உள்ள வர்றாங்கக்கா. வெளிய மீன் இல்ல”ன்னான். நான் சட்டியை எடுத்துக் கழுவப் போனேன்.

அவ புருஷன் கொஞ்ச நாள் தூண்டில் போட்டுப் பார்த்தான். தேறல. ஐஸ் ஆலையில கட்டி சுமக்கப் போயிட்டான், எந்தப் படகு அவன் வலையை வாரிச்சோ அதே படகுக்கும் சேர்த்து. அவன் படகு கம்பத்து வீட்டுக்குப் பின்னால கவிழ்ந்து கிடந்துச்சு, அதுமேல கோழி ஏறி நிக்கும். யாருக்காக வாயை மூடிக்கிட்டேனோ அந்த வேலையாவது நிலைச்சுதா? அதுவும் இல்ல. மூணு நாலு வருஷத்துல பெரிய மீன் கூடை அடிதட்டிப் போச்சு, வாத்துக் கூடை மட்டும் நிறைஞ்சுது. டீசலுக்கே கட்டுப்படியாகலன்னு தவுக்கே படகை நிறுத்திட்டார். தம்பி கமுந்திங்ல தொழிற்சாலைக்குப் போனான். நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டு ஈப்போவுக்குக் கிளம்பினேன்.

கிளம்புற முன்னாடி அவ வீட்டுக்குப் போனேன். அவ கேட்டு வராததால எங்க வீட்டுப் பின்வாசல்ல பழைய செருப்பு சேர்ந்து கிடந்துச்சு. அத்தனையையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். சும்மா கையோட போக எனக்குத் தைரியம் இல்ல. உட்காரச் சொன்னா, காப்பி குடுத்தா. பையை அவ பக்கம் நகர்த்தினேன். திறந்து பார்த்துட்டு மெதுவா மூடினா.

“எங்ககிட்ட வலை இல்லியே, காக்.”

அப்பத்தான் எனக்கு வாய் வந்துச்சு. அது என் தம்பி படகுன்னு சொன்னேன். எவ்வளவு வருஷம் கழிச்சு.

“தெரியும்”னா. “அன்னைக்கே உன் மூஞ்சியில தெரிஞ்சுது. அதனாலதான் உன்னை ரெண்டு தடவை கேட்டேன்.”

பையை எடுத்து என் கையிலேயே குடுத்தா. பஸ் ஸ்டேஷன் வரைக்கும் அதைத் தூக்கிக்கிட்டு நடந்தேன்.