பதினேழாம் இலக்கம்

மொன்றியலில், லாசால் பக்கம், பாரம் தூக்கும் பட்டிகள் தைக்கும் தொழிற்சாலையில் யூஜின் பத்து வருடமாகச் சோதனையாளர். ஒவ்வொரு பட்டியையும் இழுத்துப் பார்த்து, திருப்தியானால் மட்டும் லேபிளில் தன் பதினேழாம் இலக்கத்தைக் குத்துவார். எதையும் நம்பாத அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கோயிலில்கூடக் கதிரையை ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் உட்காரமாட்டார்.

2008 கோடையில் மகள் டெல்சியா அவரை அமெரிக்கப் பாலைவனம் பார்க்கக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு படுபள்ளத்தின் குறுக்கே நாடா ஒன்றைக் கட்டி, அதன்மேல் ஒரு பெண் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள்.

"இது ஏதோ சுத்துமாத்து," என்றார் யூஜின். "மேல கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒண்டு இருக்கும்."

"இல்லையப்பா. இடுப்புக் கயிறு மட்டும்தான். விழுந்தா அந்த நாடாவிலதான் தொங்குவா."

"அப்ப நாடாவை ஆர் கட்டினது? ஆர் சோதிச்சது?"

பதிலுக்கு நிற்காமல் நாடாவின் நுனியைத் தேடிப் போனார். பாறையைச் சுற்றி ஒரு தடித்த பட்டி. நாடா அதில்தான் மாட்டியிருந்தது. குறை பிடிக்கிற ஆசையோடு குனிந்து லேபிளைப் புரட்டினார்.

பதினேழு.

திகதி, டிசம்பர் 24. நத்தார்ப் பூசையில் பாடவேண்டுமென்று அவர் வேலையிலிருந்து அவசரப்பட்டு வெளிக்கிட்ட நாள்.

டெல்சியா ஓடிவந்தாள். "என்னப்பா, பட்டி பிழையோ?"

அந்தப் பெண் இன்னும் பாதித் தூரம்கூடக் கடக்கவில்லை.

"கதைக்காதை பிள்ளை," என்றார் யூஜின். "செபம் சொல்லு."