அலுமாரிக்குப் பின்னால் இருந்த சுவர்

வெள்ளச் சேதத்துக்குக் காசு கேட்டுப் போன காப்புறுதிக் கந்தோரில் எனக்குப் படித்துப் படித்துச் சொன்னது ஒரேயொரு விடயம். ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் வீட்டில் ஒன்றையும் தொடக்கூடாது. அதை வீட்டில் சொல்ல மறந்தவள் நான். கேட்காமல் செய்தவர் என்னைக் கட்டின மனிசன். யாருடைய பிழை என்று இன்றைக்கும் எங்களுக்குள் தீரவில்லை.

கார்த்திகை மழைக்கு நீர்வேலி வாழைத்தோட்டத்து வெள்ளம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் வந்து மூன்று நாள் நின்றது. வடிந்த பிறகு சுவர்களில் இடுப்பளவுக்கு ஒரு மண்ணிறக் கோடு. எல்லா அறையிலும் மோசம் அம்மாவின் அறைதான். நடக்கமாட்டாத அவவை அயல்வீட்டில் விட்டிருந்தோம். அந்த அறையைத் திருத்தி அம்மாவைக் கூட்டி வரவேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அதற்குத்தான் ஓடி ஓடிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன்.

வாரக்கணக்காக ஒருவரும் வரவில்லை. பொங்கல் கிட்டிவிட்டது. அம்மா ஒரே பிடியாக நின்றா, பொங்கலுக்குத் தன் வீட்டில்தான் கிடப்பாவாம். ஒருநாள் நான் யாழ்ப்பாணம் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பினால், வீடு பளிச்சென்று நிற்கிறது. மனிசன் சுண்ணாம்பில் நீலம் கலந்து, நாலு சுவருக்கும் வெள்ளையடித்து, அம்மாவையும் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியிருந்தார். வெள்ளம் நின்ற கோட்டை ஒரு சுவரிலும் காணவில்லை. சாமான் பையை வாசலிலேயே போட்டுவிட்டேன்.

"பொங்கல் வருகுதெல்லே," என்றார், கையில் தூரிகையோடு. வெள்ளையடிக்காத வீட்டில் பானை வைக்க எந்த மனிசருக்கு மனம் வரும் என்று வேறு கேட்டார். வெள்ளம் நிற்கையில் படம் எடுத்த கைபேசியும் அந்தத் தண்ணீருக்குள் விழுந்து பழுதாகிப்போனது. அன்றைக்கு நான் வாயில் வந்ததெல்லாம் பேசினேன்.

அதிலிருந்து அம்மா விடிந்தால் ஒரே முறைப்பாடு. படுக்கைச் சீலையெல்லாம் மண்ணாம். கூரையில் எலி ஓடுகிறது, சும்மா கிடவுங்கோ என்று சொல்லிச் சீலையைத் தட்டி விரித்துவிடுவேன். எனக்கிருந்த எரிச்சலில் அண்ணாந்து பார்க்கவும் இல்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி கந்தோரிலிருந்து சேதம் மதிப்பிடுகிறவர் வந்தார். சின்னப் பெடியன்தான், ஆனால் மரியாதையானவன். சுவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெள்ளம் எதுவரைக்கும் நின்றது என்று கேட்டான். இடுப்பில் கை வைத்துக் காட்டினேன். கொண்டுவந்த தாளில் ஒன்றும் எழுதவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அப்போதுதான் மனிசன் தொண்டையைச் செருமினார். அம்மாவின் கட்டில் தலைமாட்டுப் பெரிய அலுமாரியைத் தனியே நகர்த்த ஏலாமல், அதைச் சுற்றித்தான் வெள்ளையடித்தாராம். வருடா வருடம் இதே வேலைதான். அந்த வேலைக்கள்ளத்துக்கு அவரை நான் ஏசிக் கிழிக்காத வருடம் இல்லை. அன்றைக்கு அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

இரண்டு பேருமாய் அலுமாரியை இழுத்தார்கள். கோடு இருந்தது! இடுப்பளவில், அழியாமல், நான் சொன்ன அதே உயரத்தில். "பார் தம்பி, நான் பொய் சொல்லேல்லை," என்றேன்.

அவன் கோட்டைப் பார்க்கவில்லை. அதைக் குறுக்கே அறுத்து, நிலத்திலிருந்து கூரை வரை ஓடின வெடிப்புக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான். நாலு விரலும் உள்ளே போனது. அத்திவாரம் இறங்கி, சுவர் பிரிந்து நிற்கிறது என்றான். அலுமாரிக்கு வெளியே தெரிந்த பகுதியை ஒரு மயிரளவு வெடிப்பென்று மனிசன் சுண்ணாம்பைக் குழைத்து அடைத்து, மேலே வெள்ளையும் பூசியிருக்கிறார். வெடிப்பு வளைந்து போன இடம் அம்மாவின் தலைக்கு நேர் மேலே.

"இந்தக் கட்டிலிலை ஆர் படுக்கிறது?" என்று கேட்டான்.

கட்டிலில் கிடந்த அம்மாதான் சொன்னா.

"நான்தான் தம்பி. நாலு நாளாய் மேலை மண் கொட்டுது. பிள்ளையிட்டைச் சொன்னனான். எலி எண்டவள்."

குரலில் கோபமே இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறா. அந்தப் பெடியன் தாளைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவை வெளியே கொண்டுபோகக் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மற்றப் பக்கத்தை மனிசன் பிடித்தார். நான் அம்மாவின் சீலையில் கிடந்த மண்ணைத் தட்டினேன். தட்டத் தட்ட அது போகவே இல்லை.