அக்காவின் நிரையும் அம்மாவின் தேத்தண்ணியும்

என்னையும் அக்காவையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். ஒருமுறை வத்தலக்குண்டு பஸ்ஸில் கண்டக்டர் எனக்கு முழு டிக்கெட் கிழித்துவிட்டு, அவளைக் காட்டி, "இந்தப் பாப்பாவுக்கு அரையா?" என்று கேட்டார். எனக்குப் பதிமூன்று வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. "அரைன்னா அரை, குடுங்கண்ணே" என்று அவளே முந்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்த ஆள் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மலை ஏறி வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீட்டில் பிறந்தவள். இங்கே திருப்பி அனுப்பப்பட்டு, வடகவுஞ்சிப் பக்கம் பூண்டுக் காட்டிலும் காரட் காட்டிலும் கூலிக்குப் போனாள். நாலு பெற்றாள். நடுவில் இரண்டு, நடை பழகுவதற்குள்ளேயே போய்விட்டன. எனக்குப் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டாள். அதனால் வீட்டில் கடைசிப் பிள்ளை நான்தான். பால்வாடிச் சத்துமாவு, ஊசி, முட்டை, வாசல் தேடி வரும் நர்ஸம்மா என்று எல்லாமே எனக்கு வாய்த்தது.

அக்காவுக்கு வாய்த்தது காட்டோரத்துப் பேரிக்காய் மரத்தில் ஒரு சேலைத் தொட்டிலும் ஒரு பால் புட்டியும். புட்டிக்குள் இருந்தது பாலில்லை, சீனி போட்ட தேத்தண்ணி, பால் சேராத டீ. "புள்ள அழாமக் கெடந்துச்சு, நான் என் களை நிரைய முடிச்சேன்" என்று அம்மா பெருமையாகத்தான் சொல்வாள். கைப்பிள்ளையாக இருந்த எனக்கும் அதையே கொடுத்தபோது நர்ஸம்மா பார்த்துவிட்டு, "பச்சப்புள்ளைக்கா தேத்தண்ணி ஊத்துறீங்க?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றோடு எனக்கு நிறுத்திவிட்டாள். பக்கத்தில் தம்ளரும் கையுமாக நின்ற ஆறு வயது அக்காவை யாரும் கவனிக்கவில்லை. அவள்தான் பெரியபிள்ளை ஆயிற்றே.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். வாத்தியார் வைத்த பேர். ரத்தமில்லாத பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? அது அப்போது எங்களுக்குத் தெரியாது. எட்டாவதோடு நின்று அம்மாவோடு காட்டுக்குப் போனாள். வரிசைக்கு ஓர் ஆள் என்று களையெடுக்க நிறுத்துவார்கள். அதை நிரை என்பது எங்கள் ஆட்கள் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பேச்சு. மற்றவர்கள் நிரையை முடித்து நிமிரும்போது அக்கா பாதியில் இருப்பாள், மூச்சு வாங்கும். அம்மா வெரசாகத் தன் நிரையை முடித்துவிட்டு, மேற்பார்வைக்காரர் பார்க்காத நேரம் பார்த்து, அக்கா நிரையின் அந்தப் பக்க முனையிலிருந்து களையெடுத்துக்கொண்டே வருவாள். இருவரும் நடுவில் வந்து சேர்வார்கள். ஆனாலும் அந்த ஆள், "இது அரை ஆளு" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவார். அக்கா அதற்கும் சிரித்து வைப்பாள்.

நான் கீழே ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் பொருளாதாரம் படித்தேன். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கவனிப்பு கூடும், உழைக்கிற கைகள் கூடும், நாடு வளரும், ஆனால் அந்தக் கைகள் ஆரோக்கியமாக வளர்ந்திருக்க வேண்டும் என்று நடத்தினார்கள். பரீட்சையில் அதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மார்க். அரை ஆள் என்று ஒரு வார்த்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதும்போது எனக்கே அக்கா ஞாபகம் வரவில்லை, அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த வருஷம், கல்யாணமாகியிருந்த அக்கா மாசமாகி அம்மா வீட்டில் இருந்தாள். ரத்தம் ரொம்பக் குறைச்சல் என்று நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, "ஒருநாள் கூட விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஒருநாள் கூட விடவில்லை. வெள்ளனே எழுந்ததும் அம்மா மாத்திரையை உரித்துக் கையில் வைப்பாள். வாய் கசக்காமல் இருக்க, சூடாக ஒரு தம்ளர் தேத்தண்ணி. லீவுக்கு வந்திருந்த நானும் பார்த்தேன். அக்காவிடம், "சமத்து, அப்படியே முழுங்கு" என்று கிண்டல்கூடச் செய்தேன். ஐயோ, படித்தவள்!

பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை பிறந்தது. அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஏற்கெனவே இல்லாத உடம்பிலிருந்து எவ்வளவுதான் போகும்? வெளியிலிருந்து ரத்தம் ஏற்றியும் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, மாத்திரை போட்டாளா என்று கேட்டார். அம்மா முந்தியில் முடிந்து வைத்திருந்த காலி அட்டைகளைக் காட்டினேன். அத்தனையும் உரித்தவை. "எதோட முழுங்குனா?" என்றார். சொன்னேன். "தேத்தண்ணியோட போட்டா அந்தச் சத்து ஒடம்புல சரியாச் சேராதும்மா. அது மட்டுமே காரணமில்ல, அதுவும் ஒண்ணு" என்றார்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்ல? அழுது முடித்தவள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை அம்மாவிடமே வளர்ந்தது. நான் ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்.

அடுத்த வருஷ லீவுக்கு வந்தபோது பிள்ளை சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தது. அம்மா அதை மடியில் சாய்த்து, பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தம்ளரைப் பிடுங்கினேன். "இவளையும் கொல்லப் போறியா?" என்று கத்திவிட்டேன். பிள்ளை வீறிட்டது.

அம்மா என்னையே பார்த்தாள். "என்னடி சொல்ற?" என்றாள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே கொட்டினேன். மாத்திரை, புட்டி, பேரிக்காய் மரத்துத் தொட்டில் எல்லாவற்றையும். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி எழுந்தாள். தேயிலை டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு அந்தப் பக்கம் மண்ணில் கொட்டினாள். பிறகு என்னிடம் வந்து, சின்னக் குரலில், "அப்ப நாந்தானாடி?" என்று கேட்டாள்.

உனக்கு யாரும் சொல்லித் தரவில்லையேம்மா, நீ அவள் நிரையையும் சேர்த்துத்தானே எடுத்தாய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது கோபத்தில் பேசாமல் நின்றேன். பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் தலையை ஆட்டுவாள், ஆனால் நம்புவதில்லை.