நைனாவின் இடது கை

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக அக்கா எங்கள் நைனாவின் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டாள். காத்திவாக்கம் கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர் அவர். அடியில் கிடக்கும் கிளிஞ்சல் விரலைக் கீறாத நாளே கிடையாது. இப்படியோர் அப்பா எந்தப் பிள்ளைக்குக் கிடைப்பார் என்று அக்கா பூரித்துப்போனாள்.

இடது கைக் காயங்களுக்கு, ரயில் பாதையோரம் மண்டிக் கிடக்கும் வெட்டுக்காயத் தழையை அரைத்துப் பூசுவது. வலது கைக்கு ஒன்றுமில்லை. பத்து நாள் சோதனை. நான் ஸ்கேல் வைத்து அளப்பேன், அவள் செல்போனில் படம் எடுப்பாள். போன வருடம் அவள் செய்த எரிமலை பொங்காமல் போனதில், தெருவே அவளை ‘எரிமலை’ என்றுதான் கூப்பிட்டது. பாவம், இந்த முறையும் கவிழ்ந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுதிருந்தாள்.

“ரெண்டு கையும் ஒரே வேலைய செய்யணும் நைனா. இல்லாங்காட்டி கள்ளாட்டம்” என்று கறாராகச் சொன்னாள். நைனா பயபக்தியோடு தலையாட்டினார்.

முதல் இரண்டு நாள் இரண்டு கையும் ஒன்றுபோலவே இருந்தன. அக்காவின் முகம் தொங்கிப்போனது. மூன்றாம் நாளிலிருந்து இடது கை மளமளவென்று ஆறத் தொடங்கியதும் வீட்டில் அவளைப் பிடிக்க முடியவில்லை. எனக்குத்தான் கஷ்டகாலம். நைனா கொண்டுவரும் இறால் பாதியாகி, குழம்பில் கத்திரிக்காய் கூடிக்கொண்டே போனது. கேட்டால், வாயை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னாள் அம்மா.

நைனாவோடு தொழிலுக்குப் போகும் பக்கத்து வீட்டு மாமா ஒருநாள் என்னை நிறுத்தினார். “இன்னா கண்ணு, உங்க நைனா ஒரு வாரமா இடது கைய தண்ணிக்கு மேல தூக்கி வச்சிகினு, ஒத்தக் கையாலயே எறா தடவிக்கினு கீறாரு?”

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட வித்தை! எனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லி நைனாவிடம் ஓடினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “அக்காவாண்ட சொல்லிறாத” என்றார். தொழில் ரகசியம் போலிருக்கிறது என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

அக்காவுக்கு முதல் பரிசு. தழையின் மகிமையை அவள் விளக்கி முடித்ததும் நைனா இடது கையை உயர்த்திக் காட்டினார். எல்லோரும் தழைக்குக் கைதட்டினார்கள். நான் ஒருத்தி மட்டும் அந்த ஒற்றைக் கை வித்தைக்குத் தட்டினேன். அதை அவர் யாருக்காகக் கற்றுக்கொண்டார் என்று கேட்கத்தான் அப்போது எனக்குத் தோன்றவில்லை.