அந்த மிக்ஸில் நடுவே வரும் தட்டல்

பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாதவள் நான். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் யாராவது சுடலைமாடன் கோவில் பக்கம் வெளிச்சம் பார்த்தேன் என்று வந்து சொன்னால், அது எந்த வண்டியின் வெளிச்சம், எந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது என்று குடைந்து குடைந்து கேட்டுக் கடைசியில் அந்தப் பிள்ளையே சிரித்துவிட்டுப் போகும்படி செய்துவிடுவேன். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

என் கணவர் இசக்கி அம்பாசமுத்திரத்தில் மைக் செட் கடை வைத்திருக்கிறார். கோவில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஊருக்கெல்லாம் காது கிழியச் சத்தம் கொடுக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லாத மாதிரி ஓர் இசையைச் செய்துகொண்டிருப்பார். எலக்ட்ரானிக் இசைதான். பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. மெதுவான டிரம், மூடுபனி மாதிரி நீளமாக ஓடுகிற சிந்தசைசர், இடையிடையே மழை. ஒன்றில் இன்னொன்றைக் கலந்து ஒரு மணி நேரம் ஓடுகிற மிக்ஸ் ஆக்கி, கார்த்திகை மார்கழிக் குளிரில் வீட்டுக்குள் இருந்து கேட்பதற்கு என்று வருடத்துக்கு ஒன்று நெட்டில் போடுவார். எங்கெங்கோ இருந்து ஆட்கள் கேட்கிறார்கள்.

நான் சொல்லப்போகிற வருடத்து மிக்ஸை அவர் எனக்காகத்தான் செய்தார். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் எனக்கு வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கியபோது, எழுந்து நடமாடவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே ஓயாத மழை. பொதிகை மலை கண்ணுக்கே தெரியவில்லை. படுத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். அது போகக் கூடாது, இந்தப் பிள்ளையை நான் கையில் வாங்கியே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். மத்தியானச் சாப்பாடு ஆனதும் இசக்கி செய்த மிக்ஸை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பேன்.

அதில் நடுவே ஓர் இடம் வரும். டிரம் நின்றுவிடும், மழை இரைச்சல் மட்டும் இருக்கும். அந்த இடத்தில் ஒரு நாள், ஈரத் துணிமேல் விரலால் தட்டுவது போல ஒரு சத்தம், வேகமாக, விடாமல். நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன்.

"அந்த எடத்துல நான் ஒண்ணுமே போடலியே கனி," என்றார்.

போட்டுக் காட்டினேன். அவருக்கும் கேட்டது. லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். அந்த இடத்தில் மழையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வயரை மாற்றினார், ஸ்பீக்கரை மாற்றினார், கடையிலிருந்து பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் கேட்டது. ஆனால் கடையில் போட்டால் கேட்கவில்லை என்றார். நான் விடவில்லை. வீட்டில் இருக்கிற செல்போனையெல்லாம் அணைக்கச் சொன்னேன், மெயினை நிறுத்தச் சொன்னேன், பேட்டரியில் ஓடவிட்டுப் பார்த்தேன். அப்போதும் கேட்டது. கடைசியில் நான் குளிக்கப் பின்கட்டுக்குப் போன நேரத்தில் அவர் தனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார், முகம் சரியில்லை.

"நீ இங்கன இல்லாதப்போ கேக்கல. நீ உள்ள வரவும் வருது."

தற்செயல் என்று சொல்லி வாயை அடைத்தேன். அந்த வாரம் ஸ்கேனுக்குப் போனோம். டாக்டர் பிள்ளையின் இதயத் துடிப்பைச் சத்தமாக வைத்தார். அதே சத்தம். அதே வேகம். இசக்கி என்னைப் பார்க்கிறார் என்று தெரிந்தும் நான் திரும்பவில்லை. எந்த வேகமான தாளமும் இன்னொரு வேகமான தாளத்தோடு ஒத்துப்போகத்தான் செய்யும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டு வீடு வந்தேன். ஆனாலும், நம்பினால் நம்புங்கள், அதன் பிறகு ஒரு நாள்கூட அதைக் கேட்காமல் இருந்ததில்லை.

என் மாமியாருக்கு இதெல்லாம் கேலியாக இருந்தது. "வார்த்தையே இல்லாத பாட்ட அப்படி என்னத்தட்டி கேட்டுட்டுக் கெடக்க?" என்பார்.

எட்டாம் மாதம் நடக்கையில் ஒரு மத்தியானம். இசக்கி ஒரு கல்யாணத்துக்கு மைக் செட் கட்ட உடன்குடிக்குப் போயிருந்தார். நான் மிக்ஸைப் போட்டேன். டிரம் நின்றது, மழை இரைச்சல் வந்தது, போனது. தட்டல் இல்லை. பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். இல்லை. வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன், பிள்ளை லேசாகப் புரண்டது. எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டருக்குப் போன் செய்தால், எடுத்த நர்ஸ் அசைவு இருந்தால் பயமில்லை, காலையில் வாருங்கள் என்றார்.

"அத்தை, நான் திருநெல்வேலிக்குப் போணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு, இப்பவே."

"என்னாச்சுட்டி? வலிக்கா?"

"வலிக்கல."

"தண்ணி கிண்ணி போகுதா?"

"இல்ல. அந்தச் சத்தம் நின்னுட்டு."

"பாட்டுல சத்தம் நின்னுட்டுன்னு இந்த மழையில கெளம்புவியா? அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு யாரு பதில் சொல்ல?"

"நான் சொல்லுதேன்," என்று எழுந்துவிட்டேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். முந்தின இரண்டு தடவையும் மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் காலை வரை காத்திருந்தவள் நான். சேலையை மாற்றக்கூட நிற்கவில்லை. மாமியாரும் முணுமுணுத்தபடியே பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

எதிர்வீட்டுப் பரமசிவன் அண்ணாச்சி வாடகைக் கார் ஓட்டுகிறவர். பின்சீட்டில் என்னைச் சாய்த்து உட்காரவைத்து, "பைய போவோம் டீச்சர், ரோடெல்லாம் பள்ளமாக் கெடக்கு," என்று வண்டியை மெதுவாக எடுத்தார். நான் போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மழை இரைச்சல், வெறும் மழை இரைச்சல். கார் கூரையிலும் மழை, போனிலும் மழை. சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு தட்டல் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. வெகுநேரம் கழித்து இன்னொன்று, தயங்கித் தயங்கி.

"டீச்சர், அது என்ன சத்தம்?" என்று அண்ணாச்சி கண்ணாடி வழியாகக் கேட்டார். ஆக, அவருக்கும் கேட்டிருக்கிறது.

"பைய போக வேண்டாம் அண்ணாச்சி."

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசல் வரை விடவில்லை.

உள்ளே போனதும் நர்ஸிடம், எனக்கு அசைவு குறைந்துவிட்டது, துடிப்பைப் பார்க்காமல் நான் இங்கிருந்து நகர மாட்டேன் என்று சொன்னேன். வயிற்றில் துடிப்பைப் பதிகிற மெஷினின் பட்டையைக் கட்டினார்கள். ஒரு பெண் டாக்டர் வந்து காகிதத்தில் ஓடிய கோட்டைப் பார்த்தார், உடனே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் இறுக்கமாகச் சுற்றியிருந்திருக்கிறது. பெண் பிள்ளை. எடுத்ததும் அழவில்லை. அந்த அமைதியில் நான் என்ன நினைத்தேன் என்று இப்போதுகூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. அப்புறம் அழுதாள்.

மறுநாள் அந்த டாக்டர் கேட்டார்: "காலைல வந்திருந்தீங்கன்னா ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. எப்படித் தெரிஞ்சுது ஒங்களுக்கு?"

"அசைவு குறைஞ்ச மாதிரி இருந்துது டாக்டர்," என்றேன். வேறு என்ன சொல்வது? என் மாமியார் பக்கத்தில்தான் நின்றார். ஆமாம் என்று அவரும் தலையாட்டினார்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். தட்டல் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தடவைகூட அது கேட்கவில்லை. இசக்கி வழக்கம்போல அந்த மிக்ஸை நெட்டில் போட்டார். மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். நானும் ஒரு மாதிரி மறந்திருந்தேன்.

போன மார்கழியில் இசக்கி செல்போனைக் கொண்டுவந்து நீட்டினார். குன்னூர்ப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அப்பா படுக்கையில் இருக்கிறார், குளிருக்குக் கதவை அடைத்துவிட்டு மத்தியானம் இந்த மிக்ஸைத்தான் போட்டு வைக்கிறோம், நடுவே வரும் அந்தத் தட்டல் அவருக்குப் பிடிக்கும், இன்றைக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டிருந்தார்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று நானே அடித்து அனுப்பினேன். படித்துவிட்டார் என்று அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இசக்கி பயந்துவிட்டார். "இத எடுத்துருவோம் கனி. நமக்கு வேண்டாம்."

"எடுக்கக் கூடாது," என்றேன். "எனக்குச் சொல்லிச்சுல்லா. இன்னொருத்தருக்குச் சொல்லாண்டாமா?"

எடுக்க விடவில்லை. மிக்ஸுக்குக் கீழே நானே இரண்டு வரி எழுதி வைத்தேன்: நடுவே தட்டல் கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தது நின்றுபோனால் உடனே டாக்டரிடம் போங்கள். அதை ஏதோ கவிதை என்று நினைத்து நிறையப் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒருவர் மட்டும், பெயர்கூடப் போடாமல், ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அதற்குத்தான் என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன். எனக்கு வேற வேற வேகத்துல ரெண்டு தட்டல் கேக்குதே?"