வயலுக்குக் கேட்ட பாதிப் பேச்சு

பாம்புக்கடி முதலுதவி பற்றி ஊர் ஊராகப் பேசிவந்தேன். முதலில் தவறைச் சொல்லி, சற்று நிறுத்தி, பிறகு திருத்துவது என் பாணி. கூட்டம் சொக்கிப்போகும்.

2008-இல் மார்க்கையன்கோட்டையில், “பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும்!” என்று முழங்கிவிட்டு நிறுத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மைக் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்களிடம், “கட்டவே கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று கத்தி முடித்தேன். நல்ல கைதட்டல்.

மறுவாரம், உறவினரைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் கால் கறுத்து வீங்கிக் கிடந்தார்.

“என்னம்மா ஆச்சு?” என்று அவர் மனைவியிடம் கேட்டேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “இந்தக் குரலு... அன்னைக்கு மைக்குல பேசினது நீங்கதான? நாங்க வயல்ல நடவு நட்டுக்கிட்டே கேட்டோம். இவுகளப் பாம்பு கடிச்சதும் நீங்க சொன்ன மாதிரியே இறுக்கிக் கட்டித்தான் கொண்டாந்தேன். ஆனா காலை எடுக்கணுங்கிறாக. உசுராவது மிஞ்சுச்சு, உங்க புண்ணியம்” என்று கைகூப்பினாள்.

வயலைப் பார்த்து ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டச் சொன்னதே நான்தான்.

இப்போது மேடையேறியதும் “கட்டாதீர்கள்” என்றுதான் ஆரம்பிக்கிறேன். யாரும் கை தட்டுவதில்லை.